எம்பிஏ விண்ணப்பத்தில் ஊர்க் கொடை அனுபவத்தை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவை, முன்னின்று நடத்திய பிள்ளைகள் பலர் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

என் அக்கா மகனும் "கொடைக் கமிட்டி உறுப்பினர்" என்று ஒரே வரியில் முடித்திருந்தான். பதவியின் பெயர் பெரிதில்லை. என்ன முடிவெடுத்தீர்கள், அதனால் என்ன மாறியது என்பதைத்தான் தேர்வுக்குழு பார்க்கும். கிளறிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கொடைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரியைத் தரமாட்டோம் என்று நின்ற தெருவில், பழைய கணக்கு நோட்டைத் திண்ணையில் விரித்து, பந்தல், வில்லுப்பாட்டு, மேளம் என்று ஒவ்வொரு செலவாக வாசித்துக் காட்டியிருக்கிறான். அந்த வருஷத்திலிருந்து கணக்கு கோயில் சுவரில் ஒட்டப்படுகிறது. எழுத வேண்டியது இதைத்தான்!

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2024-இல் தலைமைப் பண்புக்கென்றே 250 சொல்லுக்குள் ஒரு கட்டுரை கேட்டது. ஐஐஎம்களில் நிலைமை வேறு. நேர்காணலுக்கு அழைக்க கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண், பள்ளி கல்லூரி மதிப்பெண், சம்பள வேலை அனுபவம் ஆகியவைதான் பெரும்பாலும் கணக்கு. கொடை அனுபவம் நேர்காணலில்தான் கைகொடுக்கும்.

அப்புறம், எவ்வளவு வசூல், யார் எதிர்த்தார்கள் என்று துருவுவார்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள், அந்த நோட்டையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள்.