சாசர் படம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கொஞ்சம் தவிருங்கள்

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரைப் பற்றி யார் எழுதினாலும், வகுப்பெடுத்தாலும், காணொளி போட்டாலும் கூடவே ஒரு படம் வந்துவிடும். கறுப்பு முக்காடு, நரைத்த இரட்டைத் தாடி, மார்பில் தொங்கும் பேனாக்கூடு, கையில் ஜெபமாலை. அடியில் 'சாசர்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். எப்போது வரைந்தது, யார் வரையச் சொன்னது, எதற்காக என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பெரும்பாலான தவறுகள் இந்த அலட்சியத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அவர் இறந்தது 1400-இல். உயிரோடிருக்கும்போதே அவரை உட்காரவைத்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இப்போது எல்லோரும் போடும் அந்த முகத்துக்கு மூலம் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 4866 என்ற எண்ணில் இருக்கும் கையெழுத்துப் பிரதி. சாசர் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, தாமஸ் ஹாக்லீவ் என்ற அரசு எழுத்தர், பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடிய இளவரசருக்கு அறிவுரை சொல்லி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதன் பக்க ஓரத்தில்தான் சாசர் நிற்கிறார். அவருடைய வலது கையைப் பாருங்கள்: ஆள்காட்டி விரல் பக்கத்திலிருக்கும் வரிகளை நேராகச் சுட்டுகிறது. அந்த வரிகளில் ஹாக்லீவ் சொல்வது என்னவென்றால், சாசரை மறந்துபோனவர்கள் இந்த ஓவியத்தைப் பார்த்து அவரை மறுபடி கண்டுகொள்ளட்டும் என்பதுதான். அடுத்து உடனே தேவாலயத்தில் புனிதர்களின் உருவங்களை வைத்திருப்பதன் பயனைப் பற்றிப் பேசுகிறார்.

ஹாக்லீவுக்கு அரசிடமிருந்து வரவேண்டிய உதவித்தொகை சரியாக வந்துசேரவில்லை, அதே கவிதையில் அதற்காகப் புலம்பவும் செய்கிறார். தன்னைச் சாசரின் சீடன் என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு லாபம் இருந்தது. ஆகவே அந்தப் படத்தை ஒரு சிபாரிசுக் கடிதத்தின் ஓரத்தில் ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பொய் என்று தூக்கிப் போடவும் வேண்டாம். சாசரை நேரில் பார்த்தவர்கள் அப்போது லண்டனில் நிறையவே இருந்திருப்பார்கள், முகத்தை ஒரேயடியாக மாற்றி வரைந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

சாசர் தன்னைப் பற்றித் தானே எழுதியது வேறு மாதிரி. கேன்டர்பரிக்கு யாத்திரை போகும் பயணிகள் வழியில் கதைகள் சொல்வதாக அவர் எழுதிய நூல் கேன்டர்பரி கதைகள், பயணிகளில் ஒருவராகத் தானும் அதில் வருகிறார். அங்கே கூட்டத்தோடு வரும் விடுதிக்காரர் ஹாரி பெய்லி அவரைப் பிடித்து, என்னய்யா, முயலைத் தேடுகிறவன் மாதிரி எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டு வருகிறாய் என்று கேட்கிறார். அப்புறம், என்னைப் போலவே இவருக்கும் நல்ல இடுப்பு, பெண்கள் கட்டிக்கொள்ள ஏற்ற பொம்மை என்று கிண்டலும் அடிக்கிறார். இன்னொரு கவிதையில் அவரைத் தூக்கிக்கொண்டு பறக்கும் கழுகு, நீ பயங்கர கனம் என்று அலுத்துக்கொள்கிறது. இதுவும் வாக்குமூலம் கிடையாது, தன்னையே கேலிப்பொருளாக்கும் விளையாட்டு. ஆனால் சாசரை ஒல்லியான, கனவு காணும் கவிஞராக யாராவது வரைந்திருந்தால் அது ஓவியரின் ஆசை என்று புரிந்துகொள்ள இது போதும்.

அடுத்தது, கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கும், சாசரின் 'ட்ராய்லஸ்' என்ற காதல் கவிதைப் பிரதியின் முகப்புப் படம். பிரசங்க மேடை போன்ற ஒன்றில் சாசர் நிற்க, முன்னால் பட்டும் தங்கமுமாக அரசவைக் கூட்டம். "இரண்டாம் ரிச்சர்டின் அவையில் சாசர் கவிதை வாசிக்கிறார்" என்று தலைப்புக் கொடுத்து இதைச் சாட்சியாகக் காட்டுபவர்கள் ஏராளம். இதுவும் அவர் இறந்தபிறகு வரைந்ததுதான். பாதிரியார் பிரசங்கம் செய்யும் படங்களின் அமைப்பை எடுத்துக் கவிஞரை அதில் நிறுத்தியிருக்கிறார்கள். அதே பிரதியில் மேலும் சுமார் தொண்ணூறு படங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள், ஒன்றுகூட வரையப்படாமல் எல்லாம் காலியாகவே கிடக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனின் பிரம்மாண்டமான ஓவியம் இருக்கிறது. மூன்றாம் எட்வர்டின் அவையில் சாசர் வாசிப்பதாகக் காட்டும் இது இப்போது சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில். அதில் சாசருக்கு மாதிரியாக நின்றவர் ஓவியர் ரொசெட்டி! மன்னரின் மகனான, நோயில் வாடும் கறுப்பு இளவரசருக்கு அவருடைய 45-ஆம் பிறந்தநாளில், கேன்டர்பரி கதைகளில் ஒன்றான கான்ஸ்டன்ஸ் கதையைச் சாசர் படிக்கிறார் என்பது பிரவுன் அமைத்த காட்சி. 45 வயது என்றால் 1375. அந்தக் கதையோ 1390 வாக்கில் எழுதப்பட்டது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அழகான படம், தாராளமாகப் போடுங்கள், 1851-இல் காட்சிக்கு வந்த ஓவியம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, பயணிகளுக்கு வருவோம். கேன்டர்பரி கதைகளின் எல்ஸ்மியர் கையெழுத்துப் பிரதி என்றதும் "எல்லாப் பயணிகளின் படமும் இருக்கிறது" என்று ஒரு நம்பிக்கை. இல்லை. இருப்பது 23 பேர். காரணம் எளிது: படங்கள் பயணிகளை அறிமுகப்படுத்தும் முகவுரைக்குப் பக்கத்தில் இல்லை, ஒவ்வொரு கதையும் தொடங்கும் இடத்தில் இருக்கின்றன. கதை சொல்லாத ஆளுக்குப் படம் இல்லை. அதனால் உழவருக்கு இல்லை, ஐந்து கைவினைச் சங்கத்தாருக்கு இல்லை, இத்தனை பேச்சுப் பேசும் விடுதிக்காரருக்கே இல்லை. முகவுரையில் வராமல் நடுவழியில் வந்து சேர்ந்துகொள்ளும் கேனன் என்ற திருச்சபைக் குருவின் பணியாளுக்கு இருக்கிறது. சமையல்காரனின் முழந்தாளுக்குக் கீழே புண் என்று கவிதையில் ஒரு வரி வரும், எல்ஸ்மியர் ஓவியர் அங்கே கட்டுப் போட்டே வரைந்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் தூரிகையை எடுத்திருக்கிறார்கள். அதே பிரதியில் சாசரின் படத்தைப் பாருங்கள்: மேலுடம்பு பெரிது, கால்கள் குட்டை, குதிரை அதைவிடச் சின்னது. நிற்கும் உருவம் ஒன்றைப் பார்த்து இடுப்புவரை எடுத்துக்கொண்டு, குதிரையைக் கீழே சேர்த்துவிட்டார்கள் என்று ஊகிப்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. இங்கேயும் பேனாக்கூடு தொங்குகிறது, இங்கேயும் விரல் எழுத்தைச் சுட்டுகிறது. பிரதி இப்போது இருப்பது இங்கிலாந்தில் அல்ல, கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில்.

இன்னொன்று, அடிக்கடி கண்ணில் படுவது. மதில் சூழ்ந்த நகரம் பின்னால், குதிரைகளில் ஒரு கூட்டம் முன்னால், வண்ணம் அப்படியே ஜொலிக்கும். "கேன்டர்பரி நோக்கிச் செல்லும் சாசரின் பயணிகள்" என்று புத்தக அட்டையிலேயே போட்டுவிடுகிறார்கள். அது சாசரின் நூலுக்கு வரைந்தது இல்லை. சாசருக்குப் பின் வந்த துறவிக் கவிஞர் ஜான் லிட்கேட், பண்டைய கிரேக்க நகரமான தீப்ஸின் முற்றுகையைப் பற்றி எழுதிய கவிதைக்கான படம். லிட்கேட் தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில் தானும் ஒரு கதை சொன்னதாக எழுதினார். கூட்டத்தில் துறவி உடையில் வருபவர் லிட்கேட். நகரத்துக்குப் போகவில்லை, அங்கிருந்து கிளம்புகிறார்கள்.

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1483 வாக்கில் வெளியிட்ட கேன்டர்பரி கதைகளின் இரண்டாம் பதிப்பின் மரக்கட்டை அச்சுப் படங்களில் நுணுக்கம் தேடிக் களைத்துப்போக வேண்டாம். ஒரே கட்டையை வெவ்வேறு ஆட்களுக்கு மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த சண்டை ஓவியர் ஸ்டோதார்டுக்கும் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்குக்கும் நடந்தது. பதிப்பாளர் க்ரோமெக்குக்காகத் தாமஸ் ஸ்டோதார்டு 1806-07-இல் பயணிகளின் ஊர்வலத்தை நீளமாக வரைந்தார். அது என் யோசனை, திருடிவிட்டார்கள் என்று பிளேக் கொதித்தார். யார் சொல்வது உண்மை என்று இன்றுவரை தீரவில்லை. பிளேக் தானும் ஒன்று வரைந்து, 1809-இல் தன் அண்ணனின் காலுறைக் கடை மாடியில் கண்காட்சி வைத்தார். கூட்டமே வரவில்லை, வந்த ஒரு பத்திரிகை விமர்சனம் அவரைப் பைத்தியக்காரர் என்றது. ஆனால் அதற்காக அவர் எழுதிய விளக்க ஏடு இருக்கிறதே, சாசர் படங்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஸ்டோதார்டு பின்னணியில் டல்விச் குன்றுகளை வைத்திருக்கிறார், அது கேன்டர்பரிக்குப் போகும் வழியே இல்லை என்று அடிக்கிறார். பயணிகளில் ஒருத்தியான பாத் நகரத்துப் பெண்மணியை மலர்ந்த இளம் அழகியாகக் காட்டியதற்கும் விழுகிறது அடி. நியாயம்தானே? கவிதையில் அவளுக்கு ஐந்து கணவர்கள் ஆகிவிட்டது, காது மந்தம், பல்லிடையில் சந்து, கேடயம் அகலத்துக்குத் தொப்பி, காலில் கூரான குதிமுள்.

அதற்காகப் பிளேக் படத்தை உரைநூல் மாதிரி நம்பிவிடாதீர்கள். அவருடைய பெண்மணி கையில் மதுக்கிண்ணத்தோடு, கிட்டத்தட்ட விவிலியத்தில் வரும் பாபிலோன் வேசி போல இருக்கிறாள், கிண்ணமெல்லாம் சாசரில் கிடையாது. பண்ணை மேலாளனான ரீவ் எப்போதும் கடைசியில்தான் வருவான் என்ற வரியை மதித்து அவனைக் கடைசியில் வைத்தவர், பேக்பைப் என்ற துருத்திக்குழலை ஊதிக்கொண்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே கூட்டிச்சென்ற மாவாலைக்காரனையும் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்.

கெல்ம்ஸ்காட் சாசர், 1896. வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் அச்சிட்ட சாசர் படைப்புத் தொகுப்பு, ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள். புரட்டிப் பார்த்தால் சாசர் என்பவர் தோட்டம், கன்னியர், கனவு என்று மட்டும் எழுதியவர் போலத் தோன்றும். ஏனென்றால் மாவாலைக்காரன் கதை, ரீவின் கதை போன்ற கொச்சைக் கதைகளைப் பர்ன்-ஜோன்ஸ் வரையவே இல்லை. 1972-இல் இத்தாலிய இயக்குநர் பசோலினி கேன்டர்பரி கதைகளை வைத்து எடுத்த திரைப்படம் நேர் எதிர், கொச்சைதான் அதில் தூக்கல், சாசராக நடித்ததும் பசோலினியேதான். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சாசர் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டினால் பாதி நூல் கைநழுவிப் போகும்.

சின்னச் சின்னதாகச் சில. பயணிகளில் வரும் போர்வீரரைப் பளபளக்கும் இரும்புக் கவசத்தில் போடாதீர்கள், கவிதையில் அவர் போட்டிருப்பது சங்கிலிக் கவசத்தின் கறை படிந்த முரட்டுத் துணி அங்கி, போரிலிருந்து வந்த கையோடு கிளம்பியவர். பயணிகள் கேன்டர்பரி பேராலயத்தில் மண்டியிடும் படம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், சாசர் எழுதிய அளவில் அவர்கள் ஊர் போய்ச் சேரவே இல்லை. சவுத்வார்க்கில் அவர்கள் கூடிய டாபார்டு விடுதி என்று மாடத்து மரக்கட்டிடம் ஒன்றின் பழைய புகைப்படம் சுற்றுகிறது. விடுதி 1676 தீயில் போய்விட்டது, அதே இடத்தில் திரும்பக் கட்டியதற்கு டால்பட் என்று பெயர், அதையும் 1870-களில் இடித்துவிட்டார்கள். புகைப்படத்தில் இருப்பது அந்த டால்பட்.