டிரம் மென்பொருள்: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு லேப்டாப்பும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டு செய்ய ஆரம்பிப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த டிரம் சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: நீங்கள் போடப்போவது எந்த மாதிரி பீட்? டிரம் மென்பொருள் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்களை விற்கிறார்கள். இது தெரியாமல் வாங்கிவிட்டு, கானா பாட்டுக்கு ராக் டிரம்ஸ் செட்டோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

முதல் வகை, கட்டம் கட்டமாக பீட் போடுவது. இதன் தாத்தா 1980இல் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த டிஆர்-808. வரிசையாக 16 பட்டன்கள், எதை அமுக்குகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். ஹிப்-ஹாப்பில் வயிற்றை அதிரவைக்கும் அந்த நீளமான கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம்) அதிலிருந்து வந்ததுதான். எஃப்எல் ஸ்டுடியோ என்ற பாட்டு செய்யும் மென்பொருளைத் திறந்ததும் தெரிகிற சேனல் ராக்கிலும் அதே 16 கட்டங்கள். இரண்டாவது வகை சாம்பிளர், அதாவது பதிவு செய்த சத்தங்களை ஏற்றித் தட்டி ஒலிக்கவிடுவது. ரோஜர் லின் வடிவமைத்து அக்காய் 1988இல் வெளியிட்ட எம்பிசி60இன் வழி வந்தது, நான்குக்கு நான்கு என்று விரலால் தட்டும் 16 பேட்கள், ஒவ்வொன்றிலும் நீங்கள் விரும்பும் சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரி என்ற மென்பொருள், ஏபிள்டனின் டிரம் ராக், இலவசமாகக் கிடைக்கும் சிட்டாலா எல்லாம் இந்தப் பக்கம். மூன்றாவது, நிஜமான டிரம்ஸ் செட்டை ஸ்டுடியோவில் வைத்து அடி அடியாகப் பதிவு செய்து, கூடவே தயாராக வாசித்துவைத்த பீட்களையும் (வாசிப்புகள்) சேர்த்துத் தருவது: ஈஸிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ், சுப்பீரியர் டிரம்மர், ஆப்பிளின் லாஜிக்கில் இருக்கும் டிரம்மர்.

ராப், எலக்ட்ரானிக் என்றால் முதல் வகை. கிதார் வைத்து பேண்ட் மாதிரி பாட்டு என்றால் மூன்றாவது. பறை, தவில், டோலக் வேண்டும் என்றால் சாம்பிளரைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை, சத்தத்தை நீங்களே பதிவு செய்தோ நல்ல சாம்பிள் பேக் வாங்கியோ ஏற்ற வேண்டியிருக்கும்.

சரி, இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். இந்த மென்பொருள்களின் விளம்பர வீடியோக்களில் பெரும்பாலும் நாலுக்கு நாலு தாளம்தான் ஓடும். நம் பாட்டுகளிலோ திஸ்ரம், அதாவது ஆறுக்கு எட்டு, சர்வசாதாரணம். அதனால் டெமோவை இறக்கியதும் 808 சத்தம் எப்படி இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருக்காமல், பேட்டர்னின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று பீட்டின், நீளத்தை மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கட்டம் பதினாறில் ஒரு பங்கு நோட் என்று வைத்தால் ஆறுக்கு எட்டுக்கு 12 கட்டங்கள் வேண்டும், கண்ட சாப்புக்கு 10, மிஸ்ர சாப்புக்கு 14. ஆதி தாளம் 16 கட்டத்திலேயே உட்கார்ந்துவிடும், பிரச்சினை இல்லை. மிஸ்ர சாப்பில் கிக்கை 1இலும் ஸ்னேரை (குச்சியால் அடிக்கும், சுரீரென்ற சத்தமுள்ள டிரம்) 7, 11 ஆகிய கட்டங்களிலும் வைத்து லூப் ஓடவிடுங்கள். 14 முடிந்ததும் இடைவெளி இல்லாமல் திரும்ப 1க்கு வந்தால் பாஸ். மீதி இரண்டு கட்டம் காலியாக ஓடி 16 முடிந்த பிறகுதான் திரும்புகிறது என்றால், எங்கேயாவது செட்டிங்கில் மாற்ற முடியுமா என்று தேடுங்கள், முடியாவிட்டால் அதை விட்டுவிடுவது நல்லது.

இந்த விஷயத்தில் ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருளை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. முழுக்க இலவசம், திறந்த மூலம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பேட்டர்ன் அளவை 7/8 (மிஸ்ர சாப்பின் அதே 14 கட்டம்) என்று நேரடியாகவே கொடுக்கலாம், ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கும் ட்ரிப்ளெட் கட்டங்களும் உண்டு. பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து ஆபீஸ் சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஆனால் ஒன்று, அது தனியாக ஓடும் புரோகிராம், இன்னொரு மென்பொருளுக்குள் திறக்கும் பிளகின் கிடையாது. உங்கள் டிஏடபிள்யூவுக்குள் (பாட்டு முழுவதையும் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் மென்பொருள்) திறக்க வராது, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது வகை வாங்குபவர்கள் செய்ய வேண்டிய சோதனை வேறு. ஸ்னேரை ஒரே அழுத்தத்தில் வேகமாகப் பதினாறு முறை அடிக்கவிட்டுக் கேளுங்கள். நல்ல மென்பொருளில் ஒரே அழுத்தத்துக்கே பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள், அது இல்லாவிட்டால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கும். அப்புறம் மெதுவாக அடித்துப் பாருங்கள், சத்தம் மட்டும் குறைகிறதா, ஸ்னேரின் குணமும் மாறுகிறதா? நிஜத்தில் இரண்டும் மாறும். வாசிப்பு நூலகத்தில் எத்தனை ஆயிரம் இருக்கிறது என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய தாளத்தில் எத்தனை என்பதுதான் கணக்கு.

இடத்தையும் பாருங்கள். சுப்பீரியர் டிரம்மர் 3இன் ஒலிகள் 230 ஜிபிக்கு மேல், உங்கள் லேப்டாப்பில் இருப்பதே 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். வீட்டு வேலைக்கு ஈஸிடிரம்மர் அளவே போதும் என்பது என் கட்சி.

விரலால் பேடில் தட்டி வாசிப்பவர்களுக்கு மட்டும் லேட்டன்சி, அதாவது தட்டியதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவே ஆகும் தாமதம், ஒரு தலைவலி. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை, செட்டிங்கில் மாற்றலாம்) 128 என்றால் 44,100 ஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லி செகண்ட், 512 என்றால் கிட்டத்தட்ட 12, இதற்கு மேல் கார்டும் டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் தாமதத்தைக் குறைக்கும் அதன் ஆசியோ டிரைவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். மவுஸால் கட்டத்தில் புள்ளி வைப்பவர்கள் இதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். பிளகினிலிருந்து கிக், ஸ்னேர், ஹை-ஹேட் எல்லாம் தனித்தனி டிராக்காக வெளியே வருமா? மொத்தமும் ஒரே ஸ்டீரியோவில் வந்தால், மிக்ஸிங்கில் கிக்கை மட்டும் ஏற்ற நினைக்கும்போது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

செலவே இல்லாமல் தொடங்க வேண்டுமா? மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் போதும், அதிலேயே டிரம்மர் இருக்கிறது. விண்டோஸ் என்றால் ரீப்பர் டிஏடபிள்யூ, அதன் உள்ளே எம்டி பவர் டிரம் கிட் 2, பக்கத்தில் ஹைட்ரஜன். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். எம்டி பவர் டிரம் கிட்டில் ஒரே ஒரு டிரம்ஸ் செட்தான், திறக்கும்போது நன்கொடை கேட்கும், ஆனால் ராக், பாப் பாட்டுக்குத் தாராளமாகப் பயன்படும். கிராக் வெர்ஷன் பக்கம் போகாதீர்கள், இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும்போது வைரஸை வேறு வீட்டுக்கு அழைத்துவர வேண்டுமா என்ன.

எஃப்எல் ஸ்டுடியோவை டிரையலில் ஓட்டுபவர்கள் கவனிக்க: புராஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் வாங்கும்வரை அதைத் திரும்பத் திறக்க முடியாது. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடித்து ஆடியோவாகவும் மிடியாகவும் (சத்தம் இல்லாமல், எந்த அடி எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ள ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். எந்த மென்பொருளானாலும் மிடி பிரதி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஜெனரல் மிடி என்ற பொது விதிமுறையில் கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38, மூடிய ஹை-ஹேட்டுக்கு 42, திறந்ததுக்கு 46 என்று எண்கள் உண்டு, மூன்றாவது வகை மென்பொருள்களில் பல இதையே பின்பற்றுகின்றன அல்லது இதற்கு மாற்றிக்கொள்ள விடுகின்றன. இந்த எண்களில் எழுதி வைத்தால், நாளைக்கு வேறு ஒன்றுக்கு மாறினாலும் பீட்டை முதலிலிருந்து போட வேண்டிய வேலை மிச்சம்.