ஃபைல் டெலிட் ஆகவில்லையா? அவசரத்தில் இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

டெலிட் ஆகாத ஃபைலால் கம்ப்யூட்டருக்கு வந்த கேட்டைவிட, அதை எப்படியாவது தொலைத்துக்கட்டியே தீருவேன் என்று இறங்கியவர்களால் வந்த கேடு அதிகம். ஒரு பழைய வீடியோ அழியவில்லை என்று ஆரம்பித்து, கடைசியில் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. அந்த வீடியோ இன்னும் இரண்டு நாள் அங்கேயே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மெசேஜைப் படிக்காமல் மூடுவது

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான். டெலிட் அமுக்கியதும் ஒரு பெட்டி வரும். அதைப் படிக்காமல் 'ட்ரை அகெய்ன்', மறுபடி 'ட்ரை அகெய்ன்', பிறகு 'கேன்சல்'. அந்தப் பெட்டியில் வரும் வாசகம் எப்போதும் ஒன்றே அல்ல. "இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்பது ஒரு நோய். "உங்களுக்கு அனுமதி தேவை" என்பது வேறு. "இந்த ஃபைலைக் காணவில்லை" என்று, கண்ணெதிரே இருக்கும் ஃபைலைப் பற்றியே சொல்வது மூன்றாவது. "ஃபைல் பழுதாகிவிட்டது, படிக்க முடியவில்லை" என்பதும், "எழுதத் தடை செய்யப்பட்டிருக்கிறது" என்பதும் இன்னும் வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. செய்யாததோடு, சில சமயம் கெடுதலும் செய்யும்.

அதிகம் வருவது முதல் வகைதான், அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். விண்டோஸில் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது, "நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அழிக்க அனுமதி தராமல் திறந்திருந்தால், அது விடும்வரை விண்டோஸ் நம் டெலிட்டை ஏற்காது. லினக்ஸில் கதை வேறு. அங்கே அழித்தால் பெயர் உடனே போய்விடும். திறந்து வைத்திருக்கும் புரோகிராம் மூடும்வரை உள்ளடக்கம் மட்டும் டிஸ்கில் இருக்கும். "லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை" என்று நண்பர் பெருமையடித்தால் அதன் அர்த்தம் இதுதான். ஆனால் அழித்த பிறகும் டிஸ்கில் இடம் காலியாகவில்லையே என்று அவர் தேடுவதும் இதே காரணத்தால்தான்.

பிடித்திருப்பது யார் என்று தெரியாமல் 'எண்ட் டாஸ்க்' போடுவது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெயர் புரியாததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது பலருக்கு வழக்கம். சேமிக்காத வேலை போவதுதான் மிச்சம். ஃபைலைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நாம் சந்தேகிக்காத ஆள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரே பிடித்திருக்கலாம்: வலப்பக்கம் 'ப்ரிவ்யூ பேன்' திறந்திருந்தால், அழிப்பதற்காக ஃபைலை நீங்கள் தேர்வு செய்த கணத்திலேயே அதைப் படிக்கத் தொடங்கிவிடும். பெரிய வீடியோக்களுக்குச் சின்னப்படம் தயாரிக்கும்போதும் அப்படித்தான். வேர்டு சாளரத்தை மூடிவிட்டாலும், பின்னணியில் வேர்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மெயிலில் வந்த இணைப்பை அவுட்லுக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஃபோல்டர் அழியவில்லை என்றால், அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஏதாவது திறந்திருக்கிறதா பாருங்கள். அதற்குள் ஒரு ஃபைல்கூடத் திறந்திருக்க வேண்டியதில்லை. அது அங்கே நிற்பதே போதும்.

ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறங்கள். 'சிபியு' தாவலில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பகுதி இருக்கும். அங்குள்ள தேடல் பெட்டியில் ஃபைல் பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால், அதைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வந்து நிற்கும். அடிக்கடி இந்தத் தொல்லை இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸைப் போட்டுக்கொள்ளலாம். அதிலுள்ள 'ஃபைல் லாக்ஸ்மித்' ரைட் கிளிக் மெனுவிலேயே வந்துவிடும். பெயர் தெரிந்த பிறகு அந்த ஒரு புரோகிராமை மட்டும், அதன் சொந்த 'க்ளோஸ்' வழியாகவே மூடுங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே வேறு தவறு செய்வார்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' அருமையான கருவி. அதில், புரோகிராமை மூடாமலே அது பிடித்திருக்கும் ஃபைலை மட்டும் கையிலிருந்து பறிக்கும் வசதி உண்டு. உட்காரப் போகிறவருக்குப் பின்னாலிருந்து நாற்காலியை உருவுவது போன்ற வேலை அது. ஃபைல் இன்னும் தன்னிடம் இருப்பதாக நினைத்து புரோகிராம் தொடர்ந்து எழுதும். அந்த ஃபைலைக் குறிக்க விண்டோஸ் புரோகிராமுக்குக் கொடுத்திருந்த எண் இதற்குள் வேறொரு ஃபைலுக்குப் போயிருந்தால், எழுத்து அங்கே போய் விழும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க இந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள். பறிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைப்பது

"நேற்றே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே, அப்பவும் போகல" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வந்திருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மட்டும்தான் மூடப்படும்; விண்டோஸின் உள்மையமும் பின்னணிச் சேவைகளும் அப்படியே டிஸ்கில் உறைந்து கிடந்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். ஃபைலைப் பிடித்திருப்பது அந்தச் சேவைகளில் ஒன்றாக இருந்தால், பிடியோடுதான் எழும். ரீஸ்டார்ட் அப்படி இல்லை, முழுதாக இறங்கி ஏறும். ஆகவே ரீஸ்டார்ட் கொடுங்கள். வந்ததும் வேறெதையும் திறக்காமல் முதல் வேலையாக டெலிட் செய்யுங்கள். தொல்லை பாதி கேஸ்களில் இங்கேயே முடிந்துவிடும்.

அதிலும் போகவில்லை என்றால், மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோட். ஆனால் லேப்டாப்பில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றால், அதைத் தேடும் நேரம் அதுவல்ல.

கண்ட தளத்திலிருந்து 'அன்லாக்கர்' இறக்குவது

கூகிளில் தேடினால் "அழியாத ஃபைலை ஒரே கிளிக்கில் அழிக்கும்" இலவச மென்பொருள்கள் கொட்டிக் கிடக்கும். விளம்பர மென்பொருள், பிரவுசர் டூல்பார் என்று கூட்டாளிகளை அழைத்துவருவது இந்த வகைக்குப் பழைய வழக்கம். அட்மின் அனுமதியோடு ஓடும் ஒன்றை, யார் எழுதினார்கள் என்றே தெரியாமல் உள்ளே விட வேண்டியதில்லை. மேலே சொன்னவை போதும்.

'டேக் ஓனர்ஷிப்' போட்டு சிஸ்டம் ஃபைலை அழிப்பது

"டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி பெற வேண்டும்" என்று பெட்டி வந்தால், நீங்கள் அழிக்க முயல்வது விண்டோஸின் சொந்தச் சொத்து. உரிமையை மாற்றிக்கொண்டு அழிக்க வழி உண்டுதான். வீடியோக்களில் விரிவாகச் சொல்லியும் தருகிறார்கள். உங்கள் பழைய ஹார்டு டிஸ்கைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி, பழைய பயனர் பெயரில் இருக்கும் உங்கள் சொந்தப் படங்களை அழிக்க அது சரியான வழி. விண்டோஸ் ஃபோல்டருக்குள் அதைச் செய்வது வினை.

இடம் போதவில்லை என்று தேடுபவர்கள் பெரும்பாலும் சிக்குவது மூன்று நான்கு இடங்களில். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்றொரு மறைவான ஃபோல்டர், பல ஜிபி இருக்கும். அதைக் காலி செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து ஏதாவது ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது, மூல ஃபைல் இல்லை என்று முரண்டு பிடிக்கும். ஹைபர்ஃபில் என்ற பெரிய ஃபைல் ஹைபர்னேட்டுக்கு உரியது. ஹைபர்னேட்டை நிறுத்தினால் தானே போய்விடும். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைலை விட்டுவிடுங்கள். 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரைக் கையால் அழிக்கப் போராட வேண்டாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிக ஃபைல்களோடு சேர்த்து ஒரு டிக்கில் போகும். அவசரமில்லை என்றால் பொதுவாக 10 நாளில் விண்டோஸே அதை அகற்றிவிடும்.

பெயரில் இருக்கும் கோளாறை வைரஸ் என்று நினைப்பது

ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் "காணவில்லை" என்கிறது. பயந்து ஃபார்மட் வரை போய்விடுகிறார்கள். பெரும்பாலும் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ், மேக் கணினிகளிலிருந்தோ, நெட்வொர்க் டிஸ்கிலிருந்தோ வந்த ஃபைல்களில் இது சகஜம். விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்தைத் தானே வெட்டிவிட்டுத் தேடும். அப்படி ஒரு ஃபைல் இருக்காது. இதன் உறவுக்காரன், 'கான்', 'ஆக்ஸ்', 'நல்', 'காம்1' போன்ற பெயர்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்டவை இவை. அதனால் இந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் விண்டோஸ் தடுமாறும். லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. லினக்ஸ் கெர்னல் மூலநிரலிலேயே 'ஆக்ஸ்' என்று பெயரிட்ட ஃபைல் உண்டு. சில ஆண்டிவைரஸ் கருவிகள் பென் டிரைவில் 'ஆட்டோரன்' என்ற ஃபோல்டரை, வைரஸ் அந்தப் பெயரில் ஃபைல் வைக்க முடியாதபடி, வேண்டுமென்றே இப்படி அழிக்க முடியாததாக உருவாக்கி வைக்கும். அது காவல்காரன், விட்டுவிடலாம்.

அழிக்க வேண்டியதென்றால், கமாண்ட் பிராம்ப்டில் முழு முகவரிக்கு முன்னால் \\?\ என்று சேர்த்துக் கொடுத்தால் விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். கமாண்ட் பயம் இருந்தால் 7-ஜிப்பின் ஃபைல் மேனேஜரில் திறந்து அழித்துப் பாருங்கள். இந்த வகைப் பெயர்களை அது பெரும்பாலும் சமாளித்துவிடும்.

நீளமும் ஒரு கோளாறுதான். டிரைவில் தொடங்கி ஃபைல் பெயர் வரை முழு முகவரிக்கும் 260 எழுத்து என்பது விண்டோஸின் பழைய எல்லை. தமிழில் பெயர் வைப்பவர்கள் இதை வேகமாகத் தொடுவோம். 'திருமண வரவேற்பு நிகழ்ச்சி' நம் கணக்கில் இடைவெளியோடு 16 எழுத்து. விண்டோஸ் கணக்கில் 25. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் அதற்குத் தனி எழுத்து. இப்படிப் பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஒன்பது பத்து அடுக்கு போனால் எல்லை தாண்டிவிடும். மேல் அடுக்கு ஃபோல்டர்களை 'அ', 'ஆ' என்று ஓரெழுத்துப் பெயராக மாற்றிவிட்டு டெலிட் செய்யுங்கள், போய்விடும்.

மேற்கோள்குறி இல்லாமல் கமாண்ட் அடிப்பது

ஃபோல்டரை அதன் உள்ளிருப்பதோடு, எதுவும் கேட்காமல் அழிக்கும் கமாண்ட் ஒன்று உண்டு: ஆர்டி /எஸ் /க்யூ. டி டிரைவில் 'பழைய பில்கள்' என்ற ஃபோல்டரை அழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்குறி போடாமல் டி:\பழைய பில்கள் என்று அடித்தால், விண்டோஸ் இதை இரண்டு பெயராகப் படிக்கும். டி டிரைவில் உள்ள 'பழைய' என்ற ஃபோல்டர் ஒன்று. நீங்கள் நிற்கும் இடத்தில் உள்ள 'பில்கள்' இன்னொன்று. அந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் அதுதான் போகும். ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. முகவரியைக் கையால் தட்டாதீர்கள். விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக்கில் 'காப்பி ஆஸ் பாத்' கொடுத்தால் மேற்கோள்குறியோடே வரும்.

ஒன்டிரைவ் ஃபைலை இடத்துக்காக அழிப்பது

ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருப்பதை இங்கே அழித்தால் கிளவுடிலும், மற்ற கம்ப்யூட்டரிலும் போகும். இடம்தான் வேண்டும் என்றால் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். தவறிப் போயிருந்தால், தனிநபர் கணக்கில் ஒன்டிரைவ் இணையதளத்து ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை கிடக்கும்.

அழித்தும் திரும்பி வரும் ஃபைல்

அழிகிறது, ஆனால் மறுபடி முளைக்கிறது என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, உள்ளே ஓடும் வேறொன்று அதை மறுபடி எழுதுகிறது. பிரிண்ட் எடுக்கப் பொது இடத்தில் செருகிய பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் இதுதான். அழித்துக்கொண்டே இருக்காமல், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் வைரஸுக்கு ஒளிய இடம் இருக்காது.

இன்னொன்று, பென் டிரைவே சாகக் கிடக்கிறது. டெலிட் செய்தால் மறைகிறது, கழற்றி மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஃபார்மட் முடிந்தது என்றே சொல்லும், பிறகும் பழைய ஃபைல்கள் நிற்கும். உள்ளே இருக்கும் சில்லு தேய்ந்துபோனால், சில டிரைவ்களில் கன்ட்ரோலர் எழுதுவதையே நிறுத்திவிடும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றினாலும் இதற்குப் பலன் இல்லை. மெமரி கார்டாக இருந்தால் மட்டும், அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபைல் பழுது என்று மெசேஜ் வந்தால், டிரைவின் ப்ராப்பர்டீஸில் 'டூல்ஸ்' தாவலில் உள்ள 'செக்' உதவும். ஆனால் அதற்கு முன் படிக்க முடிவதையெல்லாம் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பழுது பார்க்கும் வேலையே சாகும் டிரைவுக்குக் கூடுதல் சுமை.

அப்படி எழுத மறுக்கும் பென் டிரைவைக் கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கொடுக்கும்முன் ஒன்றை யோசியுங்கள். உங்களால் அழிக்க முடியவில்லை, ஆனால் யார் மாட்டினாலும் படிக்க முடியும். உள்ளே ஆதார் நகலோ பேங்க் ஸ்டேட்மென்டோ இருந்தால், சில நூறு ரூபாய் வாரண்டியை விட்டுவிட்டுச் சுத்தியலால் ஒரு போடு போட்டுக் குப்பையில் எறிவது மேல்.