இடிபாடுகளைப் பார்க்கச் சைக்கிளில் போகிறவர்களின் கணக்கு எங்கே தப்புகிறது?

சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் மிதிக்க முடியும். 60 கிலோமீட்டர் என்றால் நான்கு மணி நேரம். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். கிராமத்துச் சாலைகள் வழியே பழைய கோட்டை, சிதைந்த கோயில் என்று பார்த்துவரக் கிளம்புகிறவர்கள் போடும் கணக்கு இது. நானும் போட்டிருக்கிறேன். இதில் மிதிக்கும் நேரம் மட்டுமே இருக்கிறது. படியேறி இறங்குவது, ஒரு தூணின் முன் மெய்மறந்து நிற்பது, வழி தவறித் திரும்புவது எதுவும் இதில் இல்லை.

கம்போடியாவின் அங்கோரில் 'சின்னச் சுற்று' என்று ஒரு பாதை உண்டு. மொத்தமே ஏறத்தாழ 17 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கோர் வாட், பாயோன், தா புரோம் என்ற மூன்று பழைய கோயில்களும் அதற்குள் வந்துவிடுகின்றன. தூரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை. உண்மையில் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். ஆகவே திட்டத்தைக் கிலோமீட்டரில் போடாதீர்கள், நிறுத்தங்களில் போடுங்கள். ஆற அமரப் பார்க்க ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும். மற்றவற்றைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

அடுத்த தவறு, வழியில் எது முதலில் வருகிறதோ அதை முதலில் பார்ப்பது. உச்சி வெயிலில் கல்வெட்டு காணாமல் போய்விடும். எழுத்து அங்கேயேதான் இருக்கும். நிழல் விழாததால் கண்ணுக்குத் தட்டுப்படாது. தேய்ந்த புடைப்புச் சிற்பங்களுக்கும் இதே கதிதான். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழுந்து நிற்கும். கிழக்குப் பார்த்த சுவர்களைக் காலையிலும் மேற்குப் பார்த்தவற்றை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கோர் வாட்டின் முகப்பே மேற்கு நோக்கியது. மண்டபங்களையும் மரநிழலையும் நடுப்பகலுக்கு ஒதுக்குங்கள். வாயில் எப்போது அடைப்பார்கள் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

டயரில் கல் மாதிரி காற்றடிப்பது இன்னொரு வழக்கம். தார்ச்சாலைக்கு அது சரி. மண்தடத்திலும் பழைய கல்பாவிய பாதையிலும் ஒவ்வொரு குலுக்கலும் நேராக மணிக்கட்டில் வந்து இறங்கும். கி.மு. 312-இல் தொடங்கப்பட்ட ரோமின் ஆப்பியன் சாலையில் இன்றும் பழைய எரிமலைக் கற்கள் அப்படியே கிடக்கும் பகுதிகள் உண்டு. அங்கே மெல்லிய டயரோடு போகிறவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். அகலமான டயர் போட்டு, அதன் பக்கத்தில் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் உடம்பு தப்பிக்கும்.

பஞ்சர் ஆனதும் புது டியூபை அவசரமாக மாட்டுவதும் தவறுதான். ஒருமுறை நான் அப்படி மாட்டி, இருநூறு அடி போவதற்குள் அதுவும் போனது. முள் டயருக்குள்ளேயே குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவி, குத்தியதைப் பிடுங்கிய பிறகே டியூபைத் தொட வேண்டும்.

இடிபாடுகளில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்ப ஏறும்போது கால் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் கனமான கியரில் அழுத்தினால் முழங்கால் கேட்காது. முதல் பத்து நிமிடம் லேசான கியரில் வேகமாகச் சுற்றவிடுங்கள். பெடலோடு பூட்டிக்கொள்ள அடியில் கிளீட் என்ற துண்டு வைத்த ஷூ வழவழப்பான பழைய படிகளில் வழுக்கும். சாதாரண ஷூ போதும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக்கூடாது. தையல் உரசித்தான் தோல் புண்ணாகும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டிவிடுங்கள்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தரை சூடேறச் சூடேறப் பகலில் காற்று பெரும்பாலும் வலுக்கும். உடம்பில் தெம்பு இருக்கும் காலையில் எதிர்காற்றில் போய், களைத்த பிறகு அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதுதான் நல்லது. தலைகீழாகச் செய்துவிட்டு, போகும்போது பறந்தோமே என்று வியந்து, திரும்பும்போது அழுதவர்கள் நிறைய.

அங்கே போய்ச் சேர்ந்ததும் செய்யும் தவறுகளுக்கு நான் இரக்கம் காட்ட மாட்டேன். பழைய சுதைப்பூச்சு உள்ள சுவரில் ஹேண்டில்பாரைச் சாய்த்தால் அது கீறிப் பெயர்ந்துவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் வெளியே ஒரு மரத்தில் சாய்க்கலாமே. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டில் சுண்ணக்கட்டி தேய்ப்பவர்களும் உண்டு. கல்லும் அரைபடும், துகளும் உள்ளே தங்கிவிடும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே படிக்க முடியும். படத்துக்காகச் சுவர் மேல் ஏறுவதையும் விடுங்கள். மியான்மரின் பகானில் 2016 நிலநடுக்கத்தில் ஏராளமான கோயில்கள் சேதமடைந்தன. பிறகு அவற்றின் மேல் ஏறுவதற்குத் தடை வந்தது.

கடைசி இடத்தைக் கைவிட மனம் வராததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். போக ஆறு, வர ஆறு. திரும்பும்போது இருட்டியிருக்கும், தெருவிளக்கு இருக்காது, மாடு குறுக்கே நிற்கும். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வீட்டுப் பக்கம் திரும்பிவிடுங்கள். முன்னும் பின்னும் விளக்கு எரிகிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய இரவே பார்த்து வையுங்கள்.