பழுப்புக் கொழுப்பு ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழுப்புக் கொழுப்பு என்பது ஆற்றலை எரித்து உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு. அதை ஆராயும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் சென்ற வாரம் ஒரு வரைபடத்தை நீட்டினார்: அந்தச் சூட்டை எழுப்பும் புரதத்தை நீக்கிய சுண்டெலிகள் கொழுப்புணவிலும் பருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பெருமையோடு நீட்டிய அதே வரைபடம்! "விலங்கறையின் வெப்பநிலை என்ன?" என்று கேட்டேன். "வழக்கமானதுதான், சார்" என்றார். குழாயில் பெயர் எழுத மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

அறையின் குளிரைக் கணக்கில் கொள்ளாதது

அந்த 'வழக்கம்' பெரும்பாலும் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அங்கி அணிந்த நமக்கு இதம், சுண்டெலிக்குக் குளிர். கூடுதல் பாடுபடாமல் அது உடல் சூட்டைக் காக்க ஏறத்தாழ 30 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நரம்பு முனைகளிலிருந்து நோரட்ரீனலின் என்ற தூண்டு வேதிப்பொருள் வெளிப்படும். பழுப்புக் கொழுப்புச் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்களாகும். அவை, சூட்டை எழுப்பும் யுசிபி1 புரதத்தைத் தூண்டிவிட, புரோட்டான்கள் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை உருவாக்காமலே, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் திரும்பிவிடும். அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். ஆக, நாம் சோதனையைத் தொடங்கும் முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

யுசிபி1 நீக்கிய சுண்டெலிகளை அந்த அறையில்தான் கொழுப்புணவு கொடுத்து வளர்த்தேன். அவை பருக்கவில்லை. 'இப்புரதத்துக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பில்லை' என்று எழுதியும் விட்டேன். அடுப்பு இல்லாத அந்த உயிர்கள் நடுக்கம் முதலான வேறு வழிகளில் ஆற்றலைச் செலவழித்துச் சூடு தேடிக்கொண்டிருந்தன! 30 டிகிரியில் வளர்த்தால் அவை பருக்கின்றன என்பது 2009லேயே வெளிவந்த செய்தி. நான் அதைப் படித்துமிருந்தேன், எரிச்சல் அதனால்தான். அறைச் சுவரில் வெப்பமானி தொங்கியது, தினமும் பதிவேட்டில் எண்ணைக் குறித்தவனும் நானே. பதினான்கு மாத உழைப்பு போயிற்று.

உடுப்பும் வீடும் உள்ள மனிதர் பெரும்பாலும் இதமான வெப்பத்திலேயே வாழ்கிறார். குளிரில் வளர்ந்த சுண்டெலியின் முடிவை அப்படியே அவருக்குப் பொருத்தாதீர்கள்.

ஆற்றல் செலவை உடல் எடையால் வகுப்பது

வகுக்காதீர்கள். ஆற்றல் செலவை நாம் ஆக்சிஜன் நுகர்வைக் கொண்டு அளக்கிறோம். சேமிப்புக் கொழுப்பு எடையைக் கூட்டும், அந்த அளவுக்கு ஆக்சிஜன் கேட்காது. பருத்த சுண்டெலி வெறும் கணக்கால் மந்தமாகத் தெரியும்.

ஆர்என்ஏ கூடினால் வெப்பம் கூடியதாக நம்புவது

யுசிபி1க்கான ஆர்என்ஏ, அப்புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு மட்டுமே; அடுப்பு எரிகிறது என்பதற்குச் சான்றல்ல. ஆக்சிஜனை அளந்துவிட்டு வாருங்கள்.

பெட் ஸ்கேனில் ஒளிரவில்லை என்றால் பழுப்புக் கொழுப்பே இல்லை என்பது

வழக்கமான ஸ்கேன் காட்டுவது குளுக்கோஸ் ஏற்பை. இச்செல்களின் முதன்மை எரிபொருளோ கொழுப்பு அமிலம். இன்சுலினுக்குச் சரிவர இணங்காத உடலில் குளுக்கோஸ் ஏற்பு குறைந்திருக்கலாம்; வெப்பமே எழவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு முன் சோதனைக்கு வந்தவரை வெதுவெதுப்பான அறையில் உட்கார வைத்தார்களா என்பதையும் கேளுங்கள்; குளிர் இல்லாவிட்டால் அடுப்பு எரிய வேண்டியதில்லை.