அடுக்களையின் இருட்டு மூலைக்கு ஒன்பது முக்கோணங்கள்

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கும். அலமாரியும் நுழையாது, ஆளும் நிற்க முடியாது, பகலிலேயே மங்கிக் கிடக்கும். வெள்ளையடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று நானும் முதலில் வெள்ளைதான் அடித்தேன், வெளிச்சமே விழாத இடத்தில் அது சாம்பலாகத்தான் தெரிந்தது. அந்த மாதிரி இடத்துக்கு வேண்டியது டிசைன், அதுவும் ஒரு சுவரில் ஆரம்பித்து அடுத்த சுவருக்குத் திரும்பிப் போகிற டிசைன். மூலையோடு நின்றுவிட்டால் சுவரின் கோணல்தான் முதலில் கண்ணில் படும். நேர்க்கோட்டுப் பட்டைகளும் அப்படித்தான், சின்னக் கோணலையும் காட்டிக்கொடுத்துவிடும். முக்கோணம் கொஞ்சம் மன்னிக்கும்.

பெயிண்டைத் திறக்கும் முன்னால் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் எண்ணெய்ப் படலம், அதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து துடைத்து, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பழைய பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு ப்ரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்காக அடியில் அடிக்கிற பூச்சு, ஒரு கோட். சுவர் உப்பியிருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் மேலே எதுவும் செய்யாதீர்கள், எல்லாம் உரிந்து வந்துவிடும்.

அடுத்தது அளவு. என் மூலையில் இடது சுவர் 92 செ.மீ., வலது 61, மொத்தம் 153. அடிப்பக்கம் 17 செ.மீ. வைத்தால் சரியாக ஒன்பது முக்கோணம் வந்தது. ஆறாவது முக்கோணம் மூலையில் மடிந்து 7 செ.மீ. இந்தச் சுவரிலும் 10 செ.மீ. அந்தச் சுவரிலும் விழுந்தது, மூலையை மறைத்த வேலையை அந்த ஒன்றுதான் செய்தது. அடிக்கோட்டை மேடையிலிருந்தோ தரையிலிருந்தோ அளக்காதீர்கள், இரண்டும் சாய்ந்திருக்கலாம். ரசமட்டம் வைத்துத்தான் போட வேண்டும். பென்சிலால் லேசாக வரையுங்கள், பேனா வேண்டவே வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி வெளியே வரும்.

அப்புறம் மாஸ்கிங் டேப், பெயிண்ட் கோட்டைத் தாண்டாமல் தடுக்க ஒட்டி உரிக்கிற டேப். விளிம்பு பிசிறாமல் வர ஒரு வழி உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. டேப்பை ஒட்டி, விளிம்பைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அந்த விளிம்பின் மேல் முதலில் சுவரின் பழைய நிறத்தையே மெல்லிசாகத் தடவுங்கள். டேப்புக்கு அடியில் கசிகிற பெயிண்ட் சுவரின் நிறமாகவே இருப்பதால் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பிறகு புது நிறம். மூலையில் மட்டும் டேப் வெளியே தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கே கார்டின் நுனியால் உள்ளே அழுத்தி மடக்குங்கள். நான் இதில் சோம்பேறித்தனம் பட்டதால் ஆறாவது முக்கோணத்துக்கு மட்டும் தனியாக ஒரு கால் முளைத்தது.

கழுவக்கூடிய சாட்டின் எமல்ஷன் (லேசான பளபளப்புள்ள சுவர் பெயிண்ட்) போதும், சின்ன ரோலரால் இரண்டு மெல்லிய கோட். ஒரே தடவையில் தடியாக அடித்தால் வழியும். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். வாங்கும் முன் அட்டையில் தீட்டி மூலையில் ஒட்டி, பகலில் ஒரு முறை, ராத்திரி விளக்கில் ஒரு முறை பாருங்கள். இரண்டாவது கோட் முழுதாகக் காயும் முன்பே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். காய்ந்துவிட்டதா? பிளேடால் விளிம்பைக் கீறிவிட்டு உரியுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே ஸ்பாஞ்சை எடுக்காதீர்கள், பெயிண்ட் உள்ளே இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். மிச்சப் பெயிண்டை மூடி இறுக்கமான சின்ன பாட்டிலில் ஊற்றி, எந்த நிறம் என்று எழுதி வையுங்கள். ஃபிரிட்ஜை நகர்த்தும்போது கண்டிப்பாக எங்காவது கீறும்.