யானைப்புல்லை எந்த வாரத்தில் அறுத்தால் மாட்டுக்குச் சத்து?

பர்மாவில் எங்கள் தட்டோன், மோல்மேன் பக்கம் மழைக்காலத்தில் யானைப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். மாடும் வயிறு முட்டத் தின்னும். ஆனால் பால் ஏறாது. எங்கள் தொழுவத்திலும் இதே கதைதான். அறுக்கும் நாளை மாற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. கரணை நடுவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைச் சொல்லவில்லை.

வெப்ப நாட்டுப் புல் சீக்கிரம் முற்றும். இளம்புல்லின் காய்ந்த எடையில் புரதம் 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். முற்றிவிட்டால் 5, 6 என்று இறங்கிவிடும். 7க்குக் கீழே போனால் மாட்டின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதாது. நார் செரிக்காமல் தங்கும், அடுத்த வேளைத் தீனி குறையும்.

1. நிலத்தைப் பட்டைகளாகப் பிரியுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தோட்டம் முழுவதும் ஒரே வயதாக இருந்தால் முதல் வாரம் இளம்புல்லும், கடைசி வாரம் வெறும் தட்டையும் கிடைக்கும். நிலத்தை ஆறு பட்டையாக்கி, வாரம் ஒரு பட்டை மட்டும் அறுங்கள். ஆறாவது பட்டை முடியும்போது முதல் பட்டை 6 வாரப் புல்லாகி நிற்கும்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தக் கணக்குத் தப்பும். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் நம்முடையது. புல் வாரக் கணக்குக்குக் காத்திருக்காது. நெஞ்சு உயரம் வந்த பட்டையை உடனே அறுத்துவிடுங்கள். மிஞ்சினால் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுங்கள். "இன்னும் வளரட்டும்" என்று விட்டால் கூடுவது தண்டின் எடை மட்டும்தான், சத்துள்ள இலை கூடாது.

2. அறுக்கும் உயரம்

தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு அறுங்கள். எனக்குக் கருக்கரிவாள்தான் பிடிக்கும். சுழல்கத்தி இயந்திரம் அடித்தூரைச் சிதைத்துவிடுகிறது, மழையில் அது அழுகும். காசு செலவழிப்பதானால் கையால் சுற்றும் புல் நறுக்கி வாங்குங்கள். ஓர் அங்குலத் துண்டாகப் போட்டால் மாடு தண்டை ஒதுக்காது.

3. உரம்

அறுத்த பட்டைக்குத் தொழுவுரம். யூரியா போடுவதானால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 90 கிராம், மழை சற்று ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் நாளில். அடைமழைக்கு முன் போட்டால் வாய்க்காலுக்குத்தான் போகும்.

4. பயறு இனத் தழை

வேலியோரம் சவுண்டல் மரம் வையுங்கள். பர்மியர்கள் போசகைன் என்பது இதைத்தான். புல்லைவிட இருமடங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் மிமோசின் என்ற நச்சுப்பொருளும் இருப்பதால் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. புதிதாகப் பழக்கும்போது ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: "கோடையில் முற்றிய புல்தான் இருக்கிறது, என்ன செய்வது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஏப்ரலில், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நேரத்தில் எல்லோருக்கும் வரும் கவலை இது. காய்ந்த புல் அல்லது வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதியுங்கள். பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வையுங்கள். போடுவதற்கு முன் காற்றாட விரித்து நெடி போகவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். குடித்தால் உயிர் போய்விடும்.